அருவியைக் காணோம்: ஒகேனக்கலில் இரண்டு ராத்திரி

ஜூலை 19, 2025, சனி, நங்கநல்லூர்

எங்கள் வீட்டில் எந்தப் பயணமும் லீவிலிருந்துதான் பிறக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை பையனுக்குப் பள்ளி கிடையாது, எனக்கு ஒரு காம்ப் ஆஃப் பாக்கி இருக்கிறது, கணவருக்கு மேனேஜர் நல்ல மனநிலையில் இருக்கிறார். மூன்றும் ஒரே நாளில் அமைவது அபூர்வம். உடனே எங்காவது போயாக வேண்டும்.

ஏலகிரி பார்த்தாகிவிட்டது. குற்றாலம் ரொம்ப தூரம். ஏற்காட்டில் போன முறை ஜன்னல் வழியே குரங்கு வந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து கணவர் அந்தப் பெயரையே விரும்புவதில்லை. கடைசியில் ஒகேனக்கல் என்று முடிவானது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பரிசல், அருவிக் குளியல், எண்ணெய் மசாஜ், பொரித்த மீன் என்று வாட்ஸாப்பில் பட்டியலும் போட்டாகிவிட்டது.

மாமா பேப்பரிலிருந்து தலை தூக்காமல் சொன்னார். "போகலாம்மா. ஆனா கபினி அணை நிரம்பி நிக்குது."

மாமனார் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் மூன்று வருஷம் மேட்டூரில் வேலை. அதன்பின் எத்தனையோ ஊர் மாறியும் காலையில் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம்தான். ராசிபலன் கூட அதற்கு அப்புறம். இந்த வருஷம் ஜூன் கடைசியிலேயே மேட்டூர் 120 அடியைத் தொட்டதும் வீட்டில் கேசரி கிண்டச் சொன்னவர் அவர்.

"கபினி வேற ஸ்டேட் மாமா. நாங்க போறது ஒகேனக்கல்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஜூலை 24, வியாழன், இன்னும் நங்கநல்லூர்

ஆடி அமாவாசை. மாமா தர்ப்பணம் முடித்து, வாழைக்காய்ப் பொரியலோடு சாப்பிட்டு, ஈஸி சேரில் சாய்ந்தபடி எனக்கு வகுப்பு எடுத்தார். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி நிற்கும்போது குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்தால், வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. கிருஷ்ணராஜசாகரின் முழு அளவு 124.80 அடி. அந்த .80 வரை அவருக்கு முக்கியம். திறந்த தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலு வந்துவிடும். அங்கேதான் மத்திய நீர்வள ஆணையம் அளவெடுக்கிறது. 2018ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பு சொன்னதே, அந்தக் கணக்கும் அந்த இடத்தில்தான். அதைத் தாண்டினால் ஒகேனக்கல்.

"டிஎம்சின்னா எவ்ளோ தாத்தா?" என்றான் பையன்.

"நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினா ஒரு டிஎம்சி."

பையன் செல்போனில் கணக்குப் போட்டு, சரிதான் என்றான். தாத்தா மீது அவனுக்கு அன்று வந்த மரியாதை இதுவரை வந்ததில்லை.

"அப்ப போகலாமா, வேண்டாமா?"

"போங்க. நானும் வரேன். அருவி பார்க்க முடியாது, வெள்ளம் பார்க்கலாம்."

ரூமுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டதே! அதுவும் 'ஆறு தெரியும் அறை', ஒரு ராத்திரிக்கு 2,400 ரூபாய்.

ஜூலை 25, வெள்ளி

காலை ஆறுக்குக் கிளம்புவதாகத் திட்டம், ஏழேகாலுக்குக் கிளம்பினோம். பூந்தமல்லி தாண்டும்போதே வெயில் உறைத்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜா வரை சாலையை அகலப்படுத்துகிறார்கள், வருஷக்கணக்கில். பத்து நிமிஷத்துக்கு ஒரு 'மாற்றுப் பாதை' பலகை. வேலூருக்குள்ளேயே எங்கள் நேரக் கணக்கு ஒரு மணி பின்தங்கிவிட்டது.

ஆம்பூரைப் பத்தரைக்குத் தொட்டோம். சாலையோரம் வரிசையாக பிரியாணி அண்டாக்கள், சீரகசம்பா வாசனை ஏசி காற்றில் நுழைந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது. ஆனால் ஆடி வெள்ளி. எங்கள் வீட்டில் ஆடி வெள்ளியில் அசைவம் கிடையாது, அது அத்தை போட்ட சட்டம். அத்தை போய் நான்கு வருஷம் ஆகிறது, சட்டம் அப்படியே இருக்கிறது. கணவர் பேசாமல் வேகத்தைக் கூட்டினார். வாணியம்பாடி தாண்டி ஒரு சைவக் கடையில் பொங்கல் வடை. வடை நன்றாகத்தான் இருந்தது. யாரும் பாராட்டவில்லை.

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனின் வால். தார்ப்பாய் விரித்து நீலம் குவித்திருந்தார்கள், கிலோ 40. "போறப்ப வாங்கிக்கலாம்" என்றார் மாமா. தருமபுரியில் சாப்பாடு முடித்துப் பென்னாகரம் பாதையில் திரும்பியதும் ஊரே மாறிவிட்டது. இருபக்கமும் புளியமரம், வானத்தில் மேகம், ஆடிக் காற்று காரைத் தள்ளுகிறது. ஊருக்கு ஊர் அம்மன் கோயில் ஸ்பீக்கர், கூழ் ஊற்றும் வரிசை. ஓர் இடத்தில் வண்டிகளை மறித்து எல்லோருக்கும் கூழ் கொடுத்தார்கள். கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், ஒரு கீற்று மாங்காய் ஊறுகாய். காகிதக் கப்பில் ஊற்றிய பெண்மணி பையனைப் பார்த்து, "குடி சாமி, உடம்புக்குக் குளிர்ச்சி" என்றார். வீட்டில் கேழ்வரகு என்றாலே ஓடுகிறவன் இரண்டாம் கப் கேட்டான்.

மடம் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். "எங்கே?"

"ஒகேனக்கல் சார். ரூம் போட்டிருக்கோம்."

"ரூம்ல இருங்க. ஆத்துக்கிட்ட போகாதீங்க. குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. அருவிக்குப் போற நடைபாதையும் மூழ்கிடுச்சு."

பின் சீட்டில் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். மாமா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

யானைகள் கடக்கும் பகுதி என்ற பலகைகளைத் தாண்டி மலை இறங்கும்போதே சத்தம் கேட்க ஆரம்பித்தது. அருவிச் சத்தம் என்றால் எனக்கு மழை அடித்துப் பெய்கிற சத்தம்தான் ஞாபகம் வரும். இது அப்படி இல்லை. பக்கத்துத் தெருவில் லாரி ஒன்று நின்றபடி இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டே இருப்பதுபோல. இரண்டு ராத்திரியும் அந்த லாரி நகரவே இல்லை.

'ஆறு தெரியும் அறை'யிலிருந்து ஒரு தண்ணீர்த் தொட்டியும், தொட்டிக்குப் பின்னால் இன்னொரு லாட்ஜின் முதுகும் தெரிந்தன. கேட்டதற்கு, மொட்டை மாடிக்குப் போனால் ஆறு தெரியும் என்றார்கள். பணம் வாங்கும்போது மாடி என்று சொல்லவில்லையே என்றால், "மாடியும் உங்களுக்குத்தாங்க" என்று பதில். இதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

ஜூலை 26, சனி

காலையில் ஆற்றைப் பார்க்கப் போனோம். கயிறு கட்டி, போலீஸ் நின்று, அதற்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம். அந்தப் பக்கம் காவிரி.

நான் இருபது வருஷம் முன்பு கல்லூரி டூரில் வந்திருக்கிறேன். அப்போது பார்த்தது பாறைகளின் ஊர். கறுத்த பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பத்து இடத்தில் பிரிந்து பிரிந்து விழும், இடுக்குகளில் பரிசல் சுற்றும். ஐந்தருவி என்று ஐந்தையும் எண்ணிக் காட்டினார்கள். இன்று எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. பாறைகளெல்லாம் உள்ளே போய்விட்டன. கரையிலிருந்து கரைவரை, பால் ஊற்றாத டிகாஷன் நிறத்தில், ஒரே தண்ணீர். ஐந்தருவி இருந்த இடத்தில் ஒரு பெரிய மேடு பள்ளம், அவ்வளவுதான். அருவி விழ வேண்டுமானால் உயரம் வேண்டும், தண்ணீரே அந்த உயரத்துக்கு ஏறி நின்றுவிட்டால் எங்கிருந்து விழும்? தண்ணீர் போதாமல் அருவியைப் பார்க்க முடியாமல் திரும்பியவர்கள் உண்டு. நாங்கள் தண்ணீர் அதிகமாகி அருவியைக் காணோம் என்று நின்றோம்.

ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வேரோடு ஒரு மரம் வந்தது. மெதுவாகத்தான் வருகிறது என்று நினைத்தேன், கண் மூடித் திறப்பதற்குள் எங்களைக் கடந்து, கிளை ஒருமுறை மேலே வந்து, அப்புறம் இல்லை. எல்லோரும் "ஓ" என்றோம். அதன் பின்னால் ஒற்றைச் செருப்பு ஒன்று, நீல நிறம், துளியும் அவசரமில்லாமல் ஓர் ஓரச் சுழலில் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் கிளம்பும்வரை சுற்றிக்கொண்டிருந்தது. பையன் அந்தச் செருப்பை மட்டும்தான் வீடியோ எடுத்தான்.

நடு ஆற்றுக்கு மேலே புகைபோலத் தண்ணீர்த் தூள் நின்றது. கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை, கல்லு என்றால் கல். புகையும் கல் என்ற பெயருக்கு இன்று கல் காணவில்லை, புகை மட்டும் இருந்தது. மாமா கண்ணாடியைத் துடைப்பார், மாட்டுவார், மறுபடி துடைப்பார்.

எதிர்க்கரை கர்நாடகம், சாமராஜநகர் மாவட்டம். எல்லை ஆற்றோடு ஓடுகிறது. அங்கேயும் காடு, அங்கேயும் இதே வானம். கணவர் போனுக்கு மட்டும் கர்நாடகம் உங்களை வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி வந்தது. பத்தடி பின்னால் வந்தால் மறுபடி தமிழ்நாடு. பையன் போனை வாங்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து அரை மணி நேரம் மாநிலம் மாறி விளையாடினான். டொரொன்டோவில் இருக்கும் என் தம்பிக்குப் படம் அனுப்பினேன். அவன் நயாகராவின் இரண்டு கரைப் படங்களையும் பதிலுக்கு அனுப்பி, எங்க பார்டர் ஃபால்ஸ்ல குளிக்க விடறதே இல்ல, நீங்க பரவால்ல என்று எழுதினான். நாங்களும் குளிக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

கரைக்கு மேலே மரத்தடியில் பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய பெரிய ஆமைகள். ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் அடிப்பாகத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். மாமா போய்ப் பக்கத்தில் குந்திவிட்டார். எழுபத்து நான்கு வயதில் குந்தியவர் திரும்ப எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது, அது வேறு கதை.

முன்னெல்லாம் மூங்கில் சட்டத்துக்கு மேலே தோல் போர்த்துவார்களாம். இப்போது மூங்கிலேதான், ஆனால் போர்த்துவது பிளாஸ்டிக் சாக்கு, அதன்மேல் தார். மூங்கில் பிளாச்சுகளை நட்சத்திரம்போலக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, விளிம்பில் வளையமாக வளைத்துக் கட்டியிருந்தார். அந்த விளிம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். துடுப்பு உரசி உரசி ஒரே ஓர் இடம் மட்டும் கண்ணாடிபோல வழவழத்திருந்தது.

"இதுல எந்தப் பக்கம் முன்னாடிண்ணா?" என்றான் பையன்.

"வட்டத்துக்கு ஏதுப்பா முன்னாடி? நான் குந்துற பக்கம்தான் பின்னாடி."

தடை எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டேன். "அது மேல இருக்கறவங்களுக்குத்தாங்க தெரியும்" என்று ஆற்றின் மேற்கே கையைக் காட்டினார். கடவுளைச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். கிருஷ்ணராஜசாகரைச் சொன்னார். தண்ணீர் குறைந்தால் பிழைப்பு. அதிகமானாலும் இல்லை, வற்றினாலும் இல்லை. "அளவா வரணுங்க" என்றார். மாமா உடனே எந்த அளவு என்று கேட்டார், கன அடியில். அதன்பின் இருவரும் பேசிய எண்கள் எங்களுக்குப் புரியவில்லை. பரிசல்காரருக்குத் தினசரி அளவு அத்தனையும் மனப்பாடம். மாமாவுக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்து வருஷங்கள் ஆகியிருக்கும்.

இந்த நேரத்தில் கணவர் காணாமல் போயிருந்தார். தேடினால், ஒரு திண்டில் குப்புறப் படுத்திருக்கிறார், முதுகில் எண்ணெய் மினுமினுக்கிறது. மசாஜ்காரர் இரண்டு கையாலும் தோள்பட்டையில் தபலா வாசிக்கிறார். "குளிக்கத்தான் தடை, மசாஜுக்குத் தடை இல்லைன்னாரு" என்றார் கணவர், குப்புறப் படுத்தபடியே. 300 ரூபாய். கழுத்தைச் சொடுக்கியபோது வந்த சத்தத்தில் எனக்கே வலி விட்டது.

சரி, எண்ணெயை எங்கே போய்க் குளித்துக் கழுவுவது? லாட்ஜுக்கு வந்தால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் காற்று. வாசலுக்கு அப்பால் காவிரி கரைபுரள்கிறது, பாத்ரூமில் ஒரு சொட்டு இல்லை. இந்த ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கே குடிக்கக் கொடுக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013ல் தொடங்கியது. அதற்குமுன் கர்நாடகம் எதிர்ப்பு தெரிவித்து 2008ல் பெரிய ரகளை. இதையெல்லாம் மாமா விளக்கிக்கொண்டிருக்க, என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் வழுக்கும் என்பதால் இரண்டு மணி நேரம் நின்றே கேட்டார்.

மதியம் மீன். இங்கே வழக்கம் இது: நாம் மீனை வாங்கிக் கொடுத்தால் விறகடுப்பு வைத்திருக்கும் பெண்கள் சமைத்துத் தருவார்கள். ஓர் அக்காவிடம் கட்லா ஒரு கிலோ, 280 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தோம். சமையல் கூலி 150. மசாலாவைத் தனியாக வாங்கிவரச் சொன்னார். "ஆத்து மீன்தானே அக்கா?" என்று கேட்டேன்.

"ஆத்துல இப்ப யாரு வலை போடறது? இது ஏரி மீன். பொய் சொல்லி விக்கணும்னா உங்க காசு எனக்கு வேணாம்."

அந்த ஒரு பதிலுக்கே இன்னொரு ஐம்பது கொடுக்கலாம். கொடுத்தேன், முதலில் வாங்க மாட்டேன் என்றார், பையன் கையில் கொடுத்துத் தரச் சொன்னதும் வாங்கிக்கொண்டார். பாதியைக் குழம்பு வைத்து, பாதியைப் பொரித்தார். குழம்பில் புளி தூக்கல், இந்தப் பக்கப் புளி என்று பெருமையாகச் சொன்னார். களி உருண்டையை நடுவில் குழித்துக் குழம்பை ஊற்றி, "மெல்லக் கூடாது, முழுங்கணும்" என்று பையனுக்குக் கற்றுக்கொடுத்தார். மாமாவுக்கு முள் எடுத்துக் கொடுத்தார். நான் என் மாமனாருக்கு ஒருநாளும் அதைச் செய்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பரிசலும் இல்லை, குளியலும் இல்லை என்றால் வந்தவர்கள் எல்லாம் எங்கே போவார்கள்? முதலைப் பண்ணைக்கு. வனத்துறை நடத்துகிற அந்த இடத்தில் அன்று ரங்கநாதன் தெருக் கூட்டம். முதலைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்து அசையாமல் கிடந்தன. "பொம்மையா?" என்று ஒரு குழந்தை கேட்டது. அதைக் கேட்டும் எதுவும் அசையவில்லை. நாற்பது நிமிஷத்தில் ஒன்று மட்டும் வாயைத் திறந்தது. திறந்த வாயை மூடவே இல்லை.

ராத்திரி எட்டரைக்குக் கரண்ட் வந்தது. கணவர் குளித்தார். லாட்ஜ் சோப் முழுதும் தீர்ந்தது.

ஜூலை 27, ஞாயிறு

விடிந்ததும் மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். நேற்றைவிடத் தண்ணீர் கூட. மாமா மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றார். இந்தத் தண்ணீர் இனி மேட்டூருக்குப் போகும், 93.47 டிஎம்சி கொள்கிற அணை ஏற்கெனவே நிறைந்திருப்பதால் அங்கேயும் நிற்காமல் போகும். "அந்தப் பதினாறு கண் மதகைத் திறந்து பார்த்திருக்கியாம்மா?" என்றார். இல்லை என்றேன். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும்போது சற்றுச் சுற்றி, பாப்பாரப்பட்டி வழியாகப் போகலாம் என்றது நான்தான். சுப்பிரமணிய சிவா இறந்த ஊர். 1925 ஜூலை 23. கணக்குப் பார்த்தால் சரியாக நூறு வருஷம், நான்கு நாள். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தவர். சிறையில் தொழுநோய் வந்தது, அந்த நோயோடு ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டான், அதனால் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். பாரதமாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று இங்கே வந்து தங்கியவர். நினைவிடத்தில் எங்களைத் தவிர இரண்டு பேர், வேப்பமர நிழல், நல்ல காற்று. பரிசல் இல்லை, அருவி இல்லை என்று இரண்டு நாளாக முணுமுணுத்த பையன், "ஃபுல்லா நடந்தேவா?" என்று மட்டும் கேட்டான்.

கிருஷ்ணகிரியில் மறக்காமல் நீலம் ஐந்து கிலோ. ஆம்பூரில் நான்கு மணிக்கு இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமைச் சட்டம் செல்லாது. மட்டன் தீர்ந்து சிக்கன்தான் இருந்தது. கூட ஒரு கிண்ணத்தில் கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. கணவர் முதல் வாயை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மசாஜின்போதுகூட அப்படி மூடவில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வீடு வர இரண்டரை மணி நேரம். சனி ஞாயிறு ஊருக்குப் போன சென்னை முழுதும் ஒரே நேரத்தில் திரும்பி வருகிறது. பூந்தமல்லியில் ஒரு தூறல், பையன் ஜன்னலைத் திறந்து கையை நீட்டினான். இந்தப் பயணத்தில் அவன் மேல் விழுந்த தண்ணீர் அதுதான்.

ஜூலை 28, திங்கள், நங்கநல்லூர்

மாம்பழத்தில் இரண்டு கிலோ வண்டு. நீலம் என்றால் அப்படித்தான் என்று அம்மா போனில் சொன்னாள்.

டிரைவர் சீட்டில் முதுகு வடிவத்தில் எண்ணெய்க் கறை. கடலை மாவு போட்டுத் தேய்த்தேன், வாசனை மட்டும் மாறியிருக்கிறது, பஜ்ஜிக் கடை வாசனை.

காலையில் மாமா பேப்பரோடு வந்தார். அணை நீர்மட்டப் பெட்டியைப் பேனாவால் சுழித்திருந்தார்.

"தண்ணி இறங்கட்டும், நான் தேதி சொல்றேன். அப்புறம் லீவு கேளுங்க."

"பரிசல்காரர் நம்பர் வாங்கலையே மாமா?"

சட்டைப் பையிலிருந்து லாட்ஜ் பில்லை எடுத்தார். பின்பக்கம் அவர் கையெழுத்தில் பத்து இலக்கம்.

"நேத்து ராத்திரியே பேசிட்டேன். இன்னும் ஏறிட்டுத்தான் இருக்காம்."